ஊரறிந்த கணக்கு

கதை எழுதுகிறவனுக்கு மிகவும் கஷ்டமான காரியம், கெட்டவன் ஒருவனை நல்லவனாக மாற்றுவது. ஒரே அத்தியாயத்தில் திருத்திவிட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். பத்து அத்தியாயம் எடுத்துக்கொண்டால் பொறுமை இழந்துவிடுவார்கள். தனி மனிதன் பாடே இப்படி என்றால், ஒரு கம்பெனி திருந்தியது என்று எழுதினால் யார் நம்புவார்கள்? ஆனால் அமெரிக்க சர்க்கார் 1991-ஆம் ஆண்டில் அப்படியொரு முயற்சியில் இறங்கியது. அபராதம் இல்லை, வழக்கு இல்லை. கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, "தயவுசெய்து உங்கள் விஷத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டது. அந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அதன் முதல் அத்தியாயம் நம் நாட்டில் நடந்தது என்று கண்டு சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 டன் மெதில் ஐசோசயனேட் கசிந்தது. தூக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு; கண்ணெரிச்சல் தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓடிய வழியிலேயே விழுந்தவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று. சாகிறவர்களுக்குத் தங்களைக் கொல்லும் புகையின் பெயர் தெரியாது. வைத்தியம் செய்ய வந்த டாக்டர்களுக்கும் அதற்கு மாற்று என்ன என்று தெரியவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் அந்த ஜனங்களுக்குச் சொன்னதில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால்கூடச் சில உயிர்கள் தப்பியிருக்கும்.

அதே கம்பெனிக்கு அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்திலும் ஓர் ஆலை இருந்தது. அங்கும் அதே வாயுவைத் தயாரித்தார்கள். 1985 ஆகஸ்டில் அங்கே வேறொரு ரசாயனம் கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. எங்கோ தூர தேசத்தில் நடந்தது தன் வாசலுக்கே வந்தவுடன் அமெரிக்கக் குடிமகன் கேட்கத் தொடங்கினான், 'பக்கத்து மதிலுக்குள் என்ன இருக்கிறது?' என்று. அதன் விளைவாக 1986-இல் ஒரு சட்டம் வந்தது. விசித்திரமான சட்டம் அது. 'விஷத்தை வெளியே விடாதே' என்று சொல்லவில்லை. 'எவ்வளவு விட்டாய் என்று வருஷா வருஷம் கணக்குக் கொடு. அதை ஊரார் பார்ப்பார்கள்' என்று மட்டுமே சொன்னது.

முதற்கணக்கு வரவேண்டிய தேதி 1988 ஜூலை 1. அதற்கு முதல் நாள் மான்சாண்டோ கம்பெனியின் தலைவர் ரிச்சர்ட் மகோனி, 1992 முடிவதற்குள் தங்கள் ஆலைகள் காற்றில் விடும் விஷத்தில் நூற்றுக்கு 90 பங்கைக் குறைப்பதாக அறிவித்தார். சட்டம் அதைக் கேட்கவில்லை. பிறகு ஏன் சொன்னார்? பல முதலாளிகள் தங்கள் ஆலைகளின் மொத்தத் தொகையை ஒரே காகிதத்தில் கண்டதே அப்போதுதான். மறுநாள் அதை ஊரும் காணப்போகிறது.

நம் தெற்கத்தி வியாபாரிகளிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. ராஜா விதித்த வரியல்ல அது. வியாபாரிகள் தாங்களே கூடி வைத்துக்கொண்டது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். மகமை கொடுக்காதவனை யாரும் சிறையில் தள்ளுவதில்லை. ஆனால் கொடுக்கவில்லை என்பது கடைவீதி முழுவதும் தெரியும். அந்தத் தெரிதல்தான் அதன் பலம்.

கடிதத்துக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவின் தலைவராக இருந்த வில்லியம் ரெய்லி 1991-இல் 17 ரசாயனங்களைப் பொறுக்கி எடுத்தார். ஈயம், பாதரசம், காட்மியம், பென்ஸீன், டொலுவீன் எல்லாம் அதில் அடக்கம். 1988-ஆம் வருஷக் கணக்குப்படி இவை மட்டும் சுமார் 150 கோடி ராத்தல். இதில் 1992-க்குள் நூற்றுக்கு 33-ம் 1995-க்குள் 50-ம் குறைய வேண்டும். ஆகவே திட்டத்துக்கு '33/50' என்றே பெயர். முதலில் சுமார் 600 பெரிய கம்பெனிகளுக்கும், பின்னால் ஆயிரக்கணக்கானவற்றுக்கும் கடிதம் போயிற்று. ஏறக்குறைய 1,300 கம்பெனிகள் சம்மதித்தன. எவ்வளவு குறைப்பது என்பதை அவரவரே சொல்லலாம். சொன்னபடி செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. செய்தால் ஒரு பாராட்டுப் பத்திரம்.

இதைச் செய்வதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை. இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கை ரசாயனம் போட்டுத் துடைத்தவர்கள் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினார்கள். தொட்டிகளுக்கு மூடி போட்டார்கள்; ஒழுகும் குழாய்களை அடைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சரக்கல்லவா காற்றில் போகிறது? 'மாசைத் தடுத்தால் லாபம்' என்ற பெயரிலேயே 3எம் கம்பெனி 1975-இல் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது.

குறித்த கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னதாக, 1994-இலேயே, பாதி குறைந்துவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் கணக்கைக் கிளறியவர்கள் சில கேள்விகள் கேட்டார்கள். கடிதம் எழுதியது 1991-இல். கணக்கைத் தொடங்கியதோ 1988-இலிருந்து. இடையில் குறைந்தது யார் சாதனை? கடிதத்துக்குப் பதிலே போடாத கம்பெனிகளும் குறைத்திருந்தனவே! பதினேழில் சில, ஓசோன் படலத்தைக் கெடுப்பவை என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் எப்படியும் நிறுத்தப்பட வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு எழுதியவர்கள் கம்பெனிக்காரர்களே. அளந்தும் எழுதினார்கள், பெரும்பாலும் உத்தேசமாகவும் எழுதினார்கள்.

சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கை. அதே இலாகா 1992-இல், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சாதனங்களுக்கு 'எனர்ஜி ஸ்டார்' என்ற நட்சத்திர முத்திரை கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம்தான், வேலையில்லாதபோது கம்ப்யூட்டரைத் தூங்கப் பழக்கியது அது. 2010-இல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை இலாகா 20 போலிச் சாமான்களைக் கற்பனை செய்து விண்ணப்பம் போட்டது. 15-க்கு முத்திரை கிடைத்துவிட்டது! அவற்றில் ஒன்று பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரம். இன்னொன்று, அறையைச் சூடாக்கும் கருவியில் இறகுத் துடைப்பத்தை ஒட்டிய 'காற்றுச் சுத்தி'. எந்த நாவலாசிரியனுக்கும் இந்தக் கற்பனை வராது. அடுத்த ஆண்டு முதல், வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே முத்திரை என்று ஆக்கினார்கள்.

எனக்குப் படுவது இதுதான். ரெய்லியின் கடிதம் செய்ததைவிட, அதற்கு முன்னால் வந்த கணக்குப் புத்தகம் செய்தது அதிகம். ஊரறியக் கணக்கு இல்லாத இடத்தில் அந்தக் கடிதம் குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்கும். நம் நாட்டிலும் 2003-இல் 17 வகைத் தொழில்களுடன் மத்திய சர்க்கார் ஒரு பொறுப்புப் பட்டயம் செய்துகொண்டது. தாமாக முன்வந்து மாசைக் குறைப்பதாக வாக்குறுதிகள் அதில் வரிசையாக இருந்தன. யாராவது வாசகர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? நானும் இதை எழுதத் தேடியபோதுதான் கண்டேன்.

போபால் ஆலைக்குள் கிடந்த 337 டன் விஷக்கழிவு நாற்பது வருஷம் அங்கேயே கிடந்தது. 2025 ஜனவரியில்தான் அதைப் பன்னிரண்டு பெட்டகங்களில் அடைத்து, எரிப்பதற்காகப் பீதம்பூருக்கு ஏற்றிச் சென்றார்கள். லாரிகள் வந்து சேர்ந்ததும், இதில் என்ன இருக்கிறது, எரித்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டு அவ்வூர் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.