அந்தியோகியாவில் ஒரு பந்தி

இறைவன் திருமுன் மனிதன் நீதிமானாகக் கொள்ளப்படுவது விசுவாசத்தினாலா, சமய விதிகளைக் கைக்கொள்வதனாலா என்பது கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அறிஞர்கள் நூற்றுக்கணக்கான நூல்களில் ஆராய்ந்த இவ்வினா கூர்மை பெற்ற இடம் ஓர் உணவுப் பந்தி என்றால் நேயர்களுட் சிலர் வியக்கக்கூடும்.

சிரியா நாட்டு அந்தியோகியா, ரோமப் பேரரசில் ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெருநகரம். இன்று துருக்கியில் அன்தாக்கியா என வழங்குவது அதுவே. யூதர் பலர் அங்குக் குடியேறி வாழ்ந்தனர். இயேசுவின் சீடர்க்குக் ‘கிறிஸ்தவர்’ என்னும் பெயர் முதன்முதல் அந்நகரிலேதான் வழங்கலாயிற்று என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். கி. பி. 40களில் அங்கு யூதச் சீடரும் யூதரல்லாத சீடரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர்.

அஃது எளிய செயலன்று. ஓய்வுநாள், உணவு விலக்கு, விருத்தசேதனம் ஆகியவற்றை விதித்த மோசேயின் நியாயப்பிரமாணம் யூதர்க்கு வெறுஞ்சுமையாகவே இருந்தது எனப் பிற்காலத்தார் பலர் எழுதிவிட்டனர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. கி. மு. 167ஆம் ஆண்டளவில், இதே அந்தியோகியாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் விருத்தசேதனத்தைத் தடை செய்தான். தம் மைந்தர்க்கு அதனைச் செய்வித்த தாயர் கொலையுண்டனர். முன்னோர் உயிர் கொடுத்துக் காத்த வழக்கத்தை எங்ஙனம் விடுவது? அயலூரில் வாழ்வோர்க்குத் தம் உணவும் நோன்பும் எத்துணைப் பற்றுக்கோடு என்பதைத் தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, யூதேயாவிலிருந்து வந்த சிலர், விருத்தசேதனம் பெற்றாலன்றிப் புறவினத்தார்க்கு இரட்சிப்பு இல்லை என்று போதித்ததில் வியப்பில்லை. வழக்கைத் தீர்க்கக் கி. பி. 48, 49 அளவில் பவுலும் பர்னபாவும் எருசலேம் சென்றனர். விருத்தசேதனம் பெறாத தீத்து என்னும் கிரேக்கரையும் பவுல் அழைத்துச் சென்றார். வாதத்துக்குச் சான்றாக ஓர் ஆளையே கொண்டு சென்றார் எனலாம். யாக்கோபும் பேதுருவும் யோவானும் தீத்துவை வற்புறுத்தவில்லை. ஏழைகளை நினைவிற் கொள்ளுமாறு மட்டும் கேட்டுக்கொண்டனர் எனப் பவுல் எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகளோ, விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம் முதலிய சில விலக்குகள் விதிக்கப்பட்டன என்கிறது.

பின்னர் அந்தியோகியா வந்த பேதுரு, புறவினத்தாருடன் உண்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார். அன்று வென்றவர் யார் என அவர் கூறவில்லை. தாமே வென்றிருந்தால் கூறாதிருப்பாரா என்று ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுவது நமக்கும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

கலாத்தியர்க்கும் ரோமர்க்கும் அவர் எழுதிய நிருபங்களில் அவரது விடை விரிகிறது. ஆபிரகாம் இறைவனை நம்பினார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. இச்செய்தி ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. விருத்தசேதனக் கட்டளையோ 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. நியாயப்பிரமாணம் அதற்கும் பின்னர், 430 ஆண்டுகள் கழித்தே வந்தது என்பது பவுலின் கணக்கு. முன்னர்க் கிடைத்த நீதி, பின்னர் வந்த விதியைச் சார்ந்து நிற்பது எவ்வாறு? மறுதரப்பார் போற்றும் நூலைக் கொண்டே அவர்களை மடக்கிய வாதம் இது.

பதினைந்து நூற்றாண்டுகள் சென்றபின் மார்ட்டின் லூத்தர் இந்நிருபங்களைத் தம் கவலையோடு படித்தார். 1522இல் வெளிவந்த செருமானிய மொழிபெயர்ப்பில், ரோமர் நிருபத்தில் விசுவாசத்தைப் பற்றிய இடத்தில், மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்னும் சொல்லைச் சேர்த்தார். தம் மொழியின் இயல்பு அதனை வேண்டுகிறது என 1530இல் விடையளித்தார். பாவியாகிய தன்னை இறைவன் ஏற்பானோ என்பது லூத்தரின் அச்சம். அயலான் அயலானாகவே இருந்து உடன் உண்ணலாமா என்பது பவுல் முன் நின்ற வழக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனாலேயே யூத சமயத்தைப் பற்றிய பிழையான சித்திரம் நெடுங்காலம் நிலவியது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் இக்கொள்கை பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்ட வரலாறு தனியே கூறத்தக்கது. ஈண்டு விரிப்பிற் பெருகும்.

பவுலிடம் மீள்வோம். ஏழைகளைப் பற்றிய வாக்கை அவர் மறக்கவில்லை. மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகளிடம் பொருள் திரட்டிக் கி. பி. 57 அளவில் தாமே எருசலேமுக்குக் கொண்டு சென்றார். அங்கே, எபேசு நகரத்துத் துரோப்பீமு என்னும் புறவினத்தாரைக் கோயிலின் உட்பகுதிக்குள் அழைத்து வந்தார் என்று பழி எழுந்தது. கூட்டத்தார் அவரை அடித்தனர். ரோமப் படையினர் அவரை மீட்டுக் காவலில் வைத்தனர். புறவினத்தார் கடக்கலாகாத தடுப்புச் சுவர் ஒன்று அக்கோயிலில் இருந்தது. கடப்பவன் தன் சாவுக்குத் தானே காரணமாவான் என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் கல்லொன்றை 1871இல் பிரெஞ்சு அறிஞர் கிளேர்மோன் கன்னோ எருசலேமில் கண்டெடுத்தார். அது இப்போது இஸ்தான்புல் தொல்பொருட் காட்சிசாலையில் உள்ளது. 1930களில் கிடைத்த மற்றோர் உடைந்த கல்லில், எழுத்துகளுக்குத் தீட்டிய செந்நிறத்தின் சுவடு இன்னும் காணப்படுகிறது.