அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது, சார்?

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிலக்கரி, நீராவி, ரயில் எல்லாம் முடிந்து, "எடிசன் பல்பைக் கண்டுபிடித்தார், வீடுகளில் வெளிச்சம் வந்தது" என்று முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "பல்பு சரி சார், அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அது சயின்ஸ் வாத்தியாரிடம் கேள்" என்று உட்கார வைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை.

இந்த வருடம் மகள் வீட்டுக்கு, இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போயிருந்தேன். மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கே ராத்பரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிராக்சைட் என்ற மாளிகைக்குக் காரில் அழைத்துப் போனார். அங்கேதான் அந்தப் பையனுக்கான பதில் இருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் நானூறு வருடப் பழமை என்றே நினைப்பீர்கள். செங்குத்தான பாறைச் சரிவில், பைன் மரங்களுக்கு மேலே, முக்கோண முகப்புகளும் கோபுரமும் நெடுநெடுவென்று புகைபோக்கிகளும். சில முகப்புகளில் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள். எல்லாம் வேடம்! நார்தம்பர்லாண்டு கல் வீடுகளின் நாடு. மரச்சட்ட வீடு தெற்கு இங்கிலாந்தின் பழைய வழக்கம். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷா அதை வடக்கே கொண்டுவந்து, புது வீட்டுக்குப் பழைய சட்டை மாட்டியிருக்கிறார். அந்தக் காலத்துப் புதுப் பணக்காரர்களுக்குப் பரம்பரை வீடு வேண்டும், ஆனால் பரம்பரை இல்லை. ஷா அதையும் சேர்த்தே கட்டிக் கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வக்கீலாகத் தொடங்கி எஞ்சினியர் ஆனவர். தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் கிரேன் செய்து பேர் வாங்கினார், பிறகு பீரங்கி செய்து பெரும் பணம் சேர்த்தார். 1863-ல் இங்கே கட்டத் தொடங்கியது ஓய்வுக்கு வந்து தங்கும் ஒரு சின்ன வீடுதான். 1869-ல் ஷா வந்தார். விருந்தினர்கள் வேட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஒரே பிற்பகலில், விரிவாக்கத்துக்கான வரைபடத்தைப் போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வரைந்தது ஒரு பிற்பகலோ என்னவோ, கட்டி முடிக்கப் பதினைந்து வருடம். சாப்பாட்டு அறை, நூலகம், கோபுரம், ஓவியக்கூடம், கடைசியாக 1880-களில் பெரிய வரவேற்பறை என்று வீடு சரிவோடு சரிவாக நீண்டுகொண்டே போயிற்று. அதனால் உள்ளே வழி தடுமாறுகிறது. நான் இரண்டு முறை மருமகனைத் தொலைத்தேன்.

அந்த வரவேற்பறையில் பளிங்கில் ஒரு கணப்பு முகப்பு இருக்கிறது. ஷாவின் உதவியாளர் லெதபி வடிவமைத்தது. எடை சுமார் 10 டன். சாதாரணத் தரை தாங்குமா? வீடு உட்கார்ந்திருக்கும் பாறையே தாங்குகிறது. 1884-ல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வந்து தங்கினார்கள். பாரசீக மன்னரும் சீனப் பேரரசின் பெரிய அமைச்சர் லி ஹோங்சாங்கும்கூட வந்திருக்கிறார்கள். பீரங்கி வியாபாரியின் வீட்டு விருந்து என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது கரண்டுக்கு வருகிறேன். ஆம்ஸ்ட்ராங் ஓடைகளை மறித்துச் செயற்கை ஏரிகள் உண்டாக்கினார். அந்தத் தண்ணீர் முதலில் வீட்டு வேலைதான் செய்தது. லிஃப்டை ஏற்றி இறக்கியது, சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்றியது. பிறகு ஒரு டர்பைனைச் சுற்றி, அதன் வழியாக டைனமோவைச் சுற்றியது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து, 1878-ல் ஓவியக்கூடத்தில் ஆர்க் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும். 1880-ல் நியூகாசில் பக்கத்துக்காரரான ஜோசப் ஸ்வான் தன் பல்புகளை இங்கே பொருத்தினார். எடிசனோடு ஸ்வான் பேரையும் நான் அன்று சொல்லியிருக்க வேண்டும். நீர்மின்சாரத்தால் வெளிச்சம் பெற்ற உலகின் முதல் வீடு இதுதான். தம்பி, அந்தக் கரண்ட் ஓடைத் தண்ணீரிலிருந்து வந்தது.

நூலகத்தில் அந்த விளக்குகள் செப்பின்மேல் எனாமல் பூசிய குடுவைகளின்மேல் உட்கார்ந்திருந்தன. ஸ்விட்ச் கிடையாது. பீடத்தின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதரசம். குடுவைக்குள்ளே இறங்கும் கம்பியின் நுனி அதில் தோய்ந்தால் விளக்கு எரியும். போன கரண்ட் குடுவையின் செப்பு வழியாகவே திரும்பும். அணைக்க வேண்டுமா? குடுவையைத் தூக்கினால் போதும். மறுபடி வைத்தால் எரியும்.

இதில் என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நூலகம் எழும்பிக்கொண்டிருந்த 1871-ல், நியூகாசில் பட்டறைத் தொழிலாளர்கள் நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு எதிராக முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் இதே ஆம்ஸ்ட்ராங். கடைசியில் தொழிலாளர்கள்தான் ஜெயித்தார்கள். 1863-லேயே, நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும் என்று மேடையேறி எச்சரித்த தீர்க்கதரிசியும் இவரேதான். நம் பாடப் புத்தகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். எந்த வரியைப் போடுவது?

"பீரங்கிப் பணத்தில் கட்டியதை எதுக்கு மாமா இவ்வளவு பொத்திப் பொத்திக் காப்பாத்தறாங்க?" என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. போன நூற்றாண்டின் நடுவில் விக்டோரியா காலத்து மாளிகைகளை யாருமே மதிக்கவில்லை, பல இடிந்தே போயின. கிராக்சைட் 1977-ல் நேஷனல் டிரஸ்டிடம் வந்தது, 1979-ல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இடித்திருந்தால் பீரங்கியும் மறைந்திருக்காது, வேலைநிறுத்தமும் இல்லை என்று ஆகியிருக்காது. கேள்வி கேட்க ஒரு இடம்தான் குறைந்திருக்கும். மருமகனுக்கு நான் சொன்ன பதில் இது. அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

2014-ல் அங்கே நீளமான திருகு வடிவில் ஒரு புது டர்பைன் வைத்திருக்கிறார்கள். மறுபடியும் அதே தண்ணீரில் வீட்டு விளக்குகள் எரிகின்றன. நூலகத்துக் குடுவை ஒன்றைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. மருமகன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் மாமா" என்றார்.

ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சுத் தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு. உன் நம்பர் யாரிடமும் இல்லை.