கான்பன்

ஜப்பானியக் கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைதான் கான்பன். ‘கான்’ என்றால் பார்த்தல், ‘பன்’ என்றால் பலகை.

அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனவர் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் அலமாரி காலியான அளவுக்கே சரக்கு நிரப்பும் முறை அவரைக் கவர்ந்தது. உதிரிபாகப் பெட்டியோடு ஓர் அட்டை வரும். பாகங்களை எடுத்ததும் அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வராமல் அங்கே ஒரு பாகம்கூடச் செய்யக் கூடாது. அந்த அட்டைக்கே கான்பன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

2000-களில் மென்பொருள்காரர்கள் வேலைக்கு ஓர் அட்டை என எழுதி, அட்டையை மறுபடி பலகையின் கட்டங்களில் ஏற்றினார்கள்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது.

இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளுக்கும் இதே கட்டங்கள்தான். நிரலெழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடில் வந்த ‘டூடூரைட்’ என்ற கருவி ஒவ்வொரு வேலைக்கும் நிலுவை, நடப்பு, முடிந்தது என ஒரு நிலையைக் குறித்தது. ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் நடப்பில் இருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. ஓனோவுக்குப் பிடித்திருக்கும்.

சிக்கல் கடைசிக் கட்டத்தில். டொயோட்டாவில் அட்டை திரும்பினால் பாகம் உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கும். ஏஜென்ட்டோ சோதனையை ஓட்டாமலே ‘முடிந்தது’ என்று குறித்துவிடலாம். அதனால் இத்தகைய கருவியை மதிப்பிடுகிறவர்கள் முடிந்த அட்டைகளை எண்ணினால் போதாது. 2023-இல் வந்த எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்வு ஏஜென்ட்டின் சொல்லைக் கேட்பதே இல்லை; திருத்திய நிரலின் மேல் சோதனைகளை ஓட்டித்தான் மதிப்பெண் போடுகிறது.