இடிபாடும் இருப்பும்: கட்டடப் பொருள் மறுபயன்பாட்டில் பதிவேட்டின் இடம்

நூறாண்டைத் தொட்ட வீட்டை இடிக்கும்போது முதலில் இறங்குபவை கதவும் நிலையும். அடுத்து ஜன்னல்கள், பிறகு மாடி. சென்னையின் பழைய வீடுகளில் அது பெரும்பாலும் கட்டைகுத்து மாடியாக இருக்கும். மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்வார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய அச்சுக்கற்களைக் கோணவாட்டில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, செங்கல் ஜல்லிக் காரை போட்டு இறுக்கி, தட்டோடு பதித்துக் கட்டியது. இடிப்பவர் அந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகிறார். கொத்தினால் காரை உதிர்கிறது, கல் முழுதாகக் கைக்கு வருகிறது. இறக்கிய கட்டையின் நீளம், அகலம், கனம் அளந்து கன அடிக் கணக்கில் குறித்துக்கொள்கிறார். பர்மா தேக்கு நிறைந்த வீடென்றால் உரிமையாளருக்கு அவரே பணம் கொடுத்துத்தான் இடிக்கிறார்.

சிமென்ட் கலவையில் கட்டிய வீட்டில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே இணைப்பு கல்லைவிட உறுதியாகப் பிடித்திருப்பதால், இணைப்பு விடுமுன் கல் உடைகிறது. கம்பியும் கதவும் தவிர மற்றவையெல்லாம் ‘ரப்பீஷ்’ என்ற ஒரே பெயரில் லோடு கணக்கில் வெளியேறுகின்றன. அளந்து எழுதப்பட்ட பொருள் சந்தைக்குப் போகிறது. எழுதப்படாத பொருள் ஏரிக்கரைக்குப் போகிறது. மறுபயன்பாட்டின் முதல் தேவை பொருளை இருப்பாகப் பதிவு செய்யும் ஏடு. உடைக்கும் ஆலை அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

புதுக் கட்டுமானத்தில் கசியும் இருப்பு

கழிவு இடிப்பில் மட்டும் பிறப்பதில்லை. 12 மீட்டர் நீளத்தில் வரும் 12 மி.மீ. கம்பியை எடுத்துக்கொள்வோம். பிளிந்த் பீமுக்கு 4.6 மீட்டர்த் துண்டுகள் தேவை என்றால், ஒரு கம்பியில் இரண்டு துண்டு போக 2.8 மீட்டர் மிஞ்சும். 50 கம்பி வெட்டினால் மிச்சம் 140 மீட்டர், ஏறத்தாழ 124 கிலோ. இரண்டு மாதம் கழித்து லிண்டலுக்கு 1.4 மீட்டரில் 100 துண்டு வேண்டியிருக்கிறது. மிச்சத் துண்டு ஒவ்வொன்றும் சரியாக இரண்டாகும். 100 துண்டும் தேறிவிடும். ஆனால் அந்த மிச்சம் எந்த ஏட்டிலும் இல்லாவிட்டால், அது அதற்குள் எடைக்குப் போயிருக்கும். மேஸ்திரி 13 புதுக் கம்பிகளை இறக்கச் சொல்வார். உலை, சுரங்கம், லாரி என அந்த 13 கம்பிகளுக்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஒரு வரி எழுதாததால் மறுபடி செலவாகின்றன.

சிமென்டுக்கும் இது பொருந்தும். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பில் கிடந்த மூட்டையைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. வந்த தேதியை எழுதி, முன்னால் வந்ததை முன்னால் எடுத்து, தரையிலிருந்து உயர்த்தி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல் வைத்தால், கட்டிபட்டு வீணாவது பெரும்பாலும் தவிரும்.

சட்டத்தின் நான்கு குவியல்கள்

இந்தியாவில் கட்டுமான, இடிப்புக் கழிவுக்கெனத் தனி விதிகள் 2016-இல் வந்தன. நாளொன்றுக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் அதை நான்காகப் பிரிக்க வேண்டியிருந்தது: கான்கிரீட்; மண்; இரும்பு, மரம், பிளாஸ்டிக்; செங்கல்லும் கலவையும். மறுசுழற்சிப் பொருளை நகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை பயன்படுத்தவும் அவ்விதிகள் கூறின. அதே ஆண்டில் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரக்குறியீடு, பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லியைச் சாதாரண கான்கிரீட்டில் 25 விழுக்காடும், எம் 25 வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 விழுக்காடும், எம் 15-க்குக் குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் முழுமையாகவும் சேர்க்க இடம் கொடுத்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடு பதப்படுத்தும் ஆலைகள் அமைந்தன.

இவை மதிக்கத்தக்க முன்னேற்றங்கள். எனினும் சட்டத்தின் அளவுகோல் டன். அதன் குவியலில் தேக்கு நிலையும் கறையான் தின்ற சென்ட்ரிங் பலகையும் ஒன்றே. முழுச் செங்கல்லும் உடைசலும் ஒன்றே. உடைத்த கான்கிரீட்டில் பழைய கலவை ஒட்டிக்கொண்டிருப்பதால் அது நீரை அதிகம் உறிஞ்சும். 25, 20 என்ற வரம்புகளுக்குக் காரணம் அதுவே. உடைக்கும்போது பொருள் ஒரு படி இறங்குகிறது; செங்கல் சுட்ட நெருப்பும் நிலை இழைத்த தச்சர் உழைப்பும் கரைந்துபோகின்றன. ஆகவே ஆலைக்குப் போகுமுன் முழுதாய் எடுக்கக் கூடியவற்றை எடுத்துவிட வேண்டும். 2025-இல் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட புதிய விதிகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்கள்மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. தெருவில் இடிபடும் தனி வீடு அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது.

மூன்று ஆட்சேபங்கள்

பழைய பொருளின் வலிமையை எப்படி நம்புவது என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்விதான். இரண்டு செங்கற்களைத் தட்டினால் கணீரென்ற ஓசை வர வேண்டும். 24 மணி நேரம் நீரில் ஊறிய கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. இதில் தேறாத கல்லைச் சுமைச் சுவரில் வைக்க வேண்டாம், உடைத்து நிரப்பலாம். கல்நார் ஓடுகளை எந்த நிலையிலும் மறுபயன்பாட்டில் சேர்க்கக் கூடாது.

கூலியும் இடமும் கட்டுபடியாகாது என்பது இரண்டாவது. கொத்திய கல்லை மாதக்கணக்கில் அடுக்கி வைக்க நகரத்தில் இடமில்லை என்பது உண்மை. இதற்காகத்தான் பட்டியல் இடிப்புக்கு முன்பே வேண்டும் என்கிறோம். வீடு நிற்கும்போதே எத்தனை நிலை, என்ன அளவு, எத்தனை கன அடி மரம் என்று தெரிந்தால், வாங்குபவர் முன்னதாகவே கிடைப்பார். பொருள் ஒரு தளத்திலிருந்து நேரே மறு தளத்துக்குப் போகும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. பழம்பொருளின் விலையே நல்ல வீட்டை இடிக்கத் தூண்டாதா? தூண்டும். ஆகவே முறைவரிசையில் முதலிடம் வீட்டை நிற்க வைத்துப் பழுதுபார்ப்பதற்கே. அது இயலாதபோது என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா சான்று. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பினார்கள். எந்தத் தூண் எந்த உத்திரத்தைத் தாங்கியது என்ற குறிப்பில்லாமல் இப்படியொரு வேலை நடக்காது.

முன்மொழிவுகள்

முதலாவது, இடிப்பு அனுமதி விண்ணப்பத்தோடு ஒரு பக்கப் பொருள் பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும்: பொருள், அளவு, எண்ணிக்கை, நிலைமை, இணைப்பின் வகை. இரண்டாவது, அப்பட்டியலை உள்ளாட்சி அமைப்பு பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். மூன்றாவது, இடித்தெடுத்த பொருளுக்கு மதிப்பீட்டில் வரவு வைக்கும் வழக்கம் பொதுப்பணித் துறைக்கு நெடுங்காலமாக உண்டு. அந்த வரவை ஏலத்தோடு முடிக்காமல் புதுக் கட்டடத்தின் இருப்பில் ஏற்ற வேண்டும். நான்காவது, பொருளைக் கண்ணாலும் விரலாலும் தரம் பிரிக்கத் தெரிந்த இடிப்புத் தொழிலாளருக்குக் கணக்கெடுப்பாளர் என்ற தகுதியும் அதற்குரிய கூலியும் தர வேண்டும். அவர்களது அறிவின் துணையில்லாமல் இந்த ஏட்டின் ஒரு வரியும் நிரம்பாது.

இன்று கட்டும் வீட்டுக்கும் இந்த ஏடு வேண்டும். வரைபடத்தோடு, எந்தச் சுவர் எந்தக் கலவையில் நிற்கிறது, எந்த இணைப்பு மரையாணியில் கழலும் என்ற பட்டியலையும் உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து அந்த வீட்டைப் பிரிக்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.