யார்க் நகரின் மண்மேடு

இங்கிலாந்தின் வடபுலத்திலுள்ள யார்க் நகரில், செங்குத்தான புல்மேடொன்றின் உச்சியில் கிளிஃபோர்டு கோபுரம் நிற்கிறது. வருவோர் கண்கள் அக்கல்கோபுரத்தையே நாடும். அது 13ஆம் நூற்றாண்டினது. நாம் இங்கு பேச விழைவது அதைத் தாங்கி நிற்கும் மேட்டைப் பற்றி.

1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய வில்லியம், அடங்காத வடபுலத்தை ஒடுக்க 1068, 1069 ஆண்டுகளில் யார்க்கில் இரு கோட்டைகளை எழுப்பினான். மண்ணைக் குவித்து இறுக்கி, மேலே மரக்கோபுரம் நாட்டுவது நார்மானியர் வழக்கம். விரைவில் முடியும், ஊரார் அண்ணாந்து பார்த்து அஞ்சவும் செய்வர்.

1187இல் (ஹிஜ்ரி 583) சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி பைத்துல் முகத்தஸை மீட்டார். ஐரோப்பாவெங்கும் மூன்றாம் சிலுவைப்போரின் வெறி மூண்டது. இங்கிலாந்தில் அவ்வெறிக்கு இரையானோர் அண்டைவீட்டு யூதர்கள். 1190 மார்ச்சில் யார்க் யூதர்கள் மன்னரின் கோட்டையை நம்பி, இம்மேட்டின் மரக்கோபுரத்துள் அடைக்கலம் புகுந்தனர். கும்பல் முற்றுகையிட்டது. மார்ச் 16 இரவு, ரப்பி யோம் தோவின் சொற்படி பலர் தம் குடும்பத்தாரோடு உயிர் நீத்தனர், கோபுரம் தீக்கிரையானது. உயிர்ப்பிச்சை அளிப்பதாகக் கூறியதை நம்பி வெளிவந்தோரும் வெட்டப்பட்டனர். மாண்டோர் ஏறத்தாழ 150 பேர் என்பர்.

அடுத்து அக்கும்பல் சென்ற இடம் பேராலயம். அங்கிருந்த கடன் பத்திரங்களை எரித்துச் சாம்பலாக்கியது! தலைவர்களுள் ஒருவனான ரிச்சர்ட் மாலெபிஸ் யூதர்களிடம் கடன்பட்டவன். அவர்களது பக்தியின் பொருள் விளங்க இதற்குமேல் என்ன வேண்டும்? எனினும், இக்கொடுமையைக் கடிந்து பதிந்து வைத்தவர் நியூபர்க் வில்லியம் என்ற கிறித்தவத் துறவியே என்பதையும் நாம் மறத்தலாகாது.

சிலுவைப்படையினர் 1099இல் ஜெரூசலத்தைக் கைப்பற்றியபோது முஸ்லிம்களோடு யூதர்களையும் கொன்று குவித்தனர். அந்நகருக்கு யூதர்கள் திரும்பிவர ஸலாஹுத்தீன் அழைப்பு விடுத்ததாக ஹீப்ருக் கவிஞர் யஹூதா அல்-ஹரீஸி எழுதியுள்ளார். அவர் தரும் ஆண்டும் 1190.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்டை அகழ்ந்தபோது கரிந்த மரத்துண்டுகள் வெளிப்பட்டன. 1915இல் இவ்விடம் அரசின் பராமரிப்பில் வந்தது. இன்று சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற சின்னம். அனுமதியின்றி யாரும் அதன் மண்ணைத் தோண்டவியலாது. மண்ணுக்குக் காவல் கிடைத்தபின்னும் மாண்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் கிடைக்க 1978 வரை ஆயிற்று. மேட்டின் அடிவாரத்தைக் குடைந்து பயணியர் மையம் கட்டும் திட்டமொன்று பின்னர் எழுந்தது, நகரத்தார் வழக்காடினர், 2018இல் அது கைவிடப்பட்டது. 2022இல் கோபுரத்தினுள்ளே மரமேடை அமைத்துத் திறந்தனர்.  மார்ச் மாதந்தோறும் மேட்டின் சரிவில் மஞ்சள் நிற டாஃபோடில் மலர்கள் பூக்கின்றன.