பொத்தானும் மிச்சமும்: கோடக் விளம்பரப் பெண்ணை மீண்டும் படமெடுத்தல்

பழைய விளம்பரங்களில் கேமராவோடு நிற்கும் பெண்களை மாதிரியாகக் கொண்டு, இன்றைய பெண்களை அதே உடையிலும் அதே நிலையிலும் உருவப்படம் எடுக்கும் முயற்சிகளுக்கு இன்று ஒரு தனிக் கவர்ச்சி இருக்கிறது. கோடுபோட்ட அங்கி, அகன்ற தொப்பி, இடுப்பளவில் தாங்கிய கறுப்புப் பெட்டி. இவை சேர்ந்துவிட்டால் படம் பாதி முடிந்த மாதிரிதான். மறக்கப்பட்ட பெண் ஒளிப்படக்காரர்களுக்கு இது மரியாதை செய்வதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கூற்றை அப்படியே ஏற்க முடியாது என்பதே என் வாதம். நாம் மீண்டும் நடித்துக் காட்ட ஆசைப்படும் அந்த விளம்பரப் பெண் ஒளிப்படக்காரர் அல்லர், வாடிக்கையாளர். ஒளிப்படத் தொழில் செய்த பெண்கள் தங்களுக்காகத் தாங்களே கொடுத்த விளம்பரங்கள் வேறு இடத்தில் கிடக்கின்றன. அவை பார்வைக்கு அவ்வளவு அழகாக இல்லை என்பதாலேயே கைபடாமல் இருக்கின்றன.

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். படங்கள் வட்ட வடிவில், சுமார் இரண்டரை அங்குல விட்டத்தில் விழும். குறிபார்க்கக் கண்ணாடி கிடையாது. பெட்டியின் மேல்புறத்தில் இருந்த கோடுகளைக் கொண்டு உத்தேசமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான். கயிற்றை இழுப்பது, பொத்தானை அழுத்துவது, சாவியைத் திருகுவது என்ற மூன்றோடு எடுப்பவரின் வேலை தீர்ந்தது. சுருள் முடிந்ததும் கேமராவையே ரோச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, பிரதியெடுத்து, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தினால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பொருள்பட அமைந்த அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம் உலகப் புகழ் பெற்றது.

இந்த வாசகத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டித் தோன்றியவள் என்று குறிக்கப்படும் ‘கோடக் பெண்’ அந்த முகம். கம்பெனியின் விளம்பரப் பிரிவைக் கவனித்துக்கொண்ட லூயிஸ் பன்னல் ஜோன்ஸின் காலத்தில் அவள் பத்திரிகைப் பக்கங்களில் நிலைகொண்டாள். 1910-இல் ஆங்கில ஓவியர் ஜான் ஹாசல் அவளுக்கு நீலமும் வெள்ளையுமான கோடுபோட்ட அங்கியை அணிவித்தார். அதன்பிறகு அவளை யாராலும் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடிந்தது. ஆளுயர அட்டை உருவமாகக் கடை வாசல்களிலும் நின்றாள்.

அவள் எங்கெல்லாம் நிற்கிறாள் என்று பார்க்கலாம். கடற்கரை, மலை விளிம்பு, ரயில் நிலையம், மோட்டார் காரின் படி. காற்றில் துணி பறக்கிறது. கேமரா அவள் கையில் இருக்கிறது. ஆனால் பார்வை அவள்மீது இருக்கிறது. அவள் எடுக்கும் படத்தை நான் பார்த்த விளம்பரங்களில் பெரும்பாலானவை காட்டுவதில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் விற்கப்படுவது அவளுடைய படம் அல்ல, படமெடுக்கும் அவளைப் பற்றிய படம். வெள்ளி உப்புக் கறை படிந்த விரல்கள் இல்லை, இருட்டறை இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. அவளுக்குப் பெயரும் இல்லை. அவள் எப்போதும் வெள்ளை இனத்தவள், வசதியுள்ளவள், இளமை தீராதவள்.

‘மிச்சத்தை’ப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்ற கேள்வியும் இங்கே எழுந்தாக வேண்டும். ரோச்செஸ்டரிலும், 1891-இல் லண்டனுக்கு அருகே ஹாரோவில் தொடங்கப்பட்ட ஆலையிலும் சுருள் சுற்றியவர்களிலும், பிரதியெடுத்தவர்களிலும், அட்டையில் ஒட்டியவர்களிலும் கணிசமானோர் பெண்கள். விளம்பரத்தில் ஒரு பெண் பொத்தானை அழுத்த, கூலிக்கு இன்னொரு பெண் அதைப் படமாக்கினாள். முன்னவளுக்கு அங்கி தைத்துக் கொடுத்த கம்பெனி பின்னவளைப் பக்கத்தில் ஏற்றவில்லை.

இதற்காகக் கோடக் பெண்ணை முற்றிலும் தள்ளிவிடுவதும் நியாயமாகாது. ஆண் துணையின்றி வெளியே போகலாம், ஒரு காட்சியைத் தானே தேர்ந்து நிறுத்தலாம் என்பதை லட்சக்கணக்கான வீடுகளுக்கு அவள்தான் கொண்டுபோனாள். மிதிவண்டி செய்த வேலைக்கு நிகரானது அது. கோடக்கின் பிரௌனி கேமரா 1900-இல் ஒரு டாலருக்கு வந்தபோது அந்த வெளி இன்னும் விரிந்தது. ஆனாலும் கம்பெனியின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை 1928-இல் வந்த ‘வேனிட்டி கோடக்’ ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. ஐந்து வண்ணங்கள், ஐந்துக்கும் பறவைகளின் பெயர்கள், உடைக்குப் பொருத்தமான உறை. அடுத்த ஆண்டு வந்த ‘கோடக் ஆன்சாம்பிள்’ பெட்டிக்குள் கேமராவோடு முகப்பவுடர், உதட்டுச்சாயம், கண்ணாடி எல்லாம் ஒரே நிறத்தில் அடுக்கப்பட்டிருந்தன. பார்ப்பதற்கான கருவி, பார்க்கப்படுவதற்கான சாமான்களோடு ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு விளம்பரங்களின் தர்க்கத்துக்கு இதைவிட நேர்மையான சான்று கிடைக்காது.

இனி மற்றொரு மரபு. பிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் (1864–1952) வாஷிங்டன் நகரில் சொந்த ஸ்டூடியோ நடத்தியவர். முதல் கேமராவை அவருக்குக் கொடுத்தவரே குடும்ப நண்பரான ஈஸ்ட்மன்தான் என்பது இந்த வரலாற்றின் சுவையான முரண். 1896 வாக்கில் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படத்தில் ஜான்ஸ்டன் கணப்பின் முன் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் சிகரெட், மறு கையில் பீர்க் கோப்பை; பாவாடை முழங்கால்வரை ஏறி உள்பாவாடையும் காலுறையும் தெரிகின்றன. கணப்பு மாடத்தின்மேல் ஆண்களின் உருவப்படங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வரிசையில் நிறுத்தியவர் அவர்தான். அடக்கமான சீமாட்டியாகவும், ஒட்டுமீசையோடு மிதிவண்டி பிடித்த ஆணாகவும் அவர் தன்னைப் படமெடுத்துக்கொண்டதுண்டு. இந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உடுப்பு அவருக்கு அடையாளமாக இல்லை, கைக்கருவியாக இருந்தது என்பது விளங்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பீர்க் கோப்பைப் படத்தில் கேமராவே கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடக் பெண்ணிடம் கேமரா இருக்கிறது, அதிகாரம் இல்லை. ஜான்ஸ்டனின் படத்தில் கேமரா இல்லை, அதிகாரம் சட்டகம் முழுக்க நிறைந்திருக்கிறது. 1897-இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில், ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பெண்களுக்காக அவர் எழுதிய கட்டுரை ரசனையோடு நிற்காமல் பயிற்சியையும் வியாபார ஒழுங்கையும் பேசியது. பொத்தானை அழுத்திவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

இன்னும் கூர்மையான சான்று நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறது. ஃப்ளோரஸ்டீன் பெரோ காலின்ஸ் (1895–1988) ஆப்பிரிக்க அமெரிக்கர். வெளிர்ந்த நிறத்தைக் கொண்டு தன்னை வெள்ளைப் பெண்ணாகக் காட்டி, வெள்ளை ஒளிப்படக்காரர்களிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1920-இல் வீட்டிலேயே ஸ்டூடியோ தொடங்கினார். அந்த ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் தொழில் ஒளிப்படம் என்று பதிவுசெய்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் 101 பேர். அவர்களில் ஒருவர் இவர். தன் விளம்பரங்களில் காலின்ஸ் தன் முகத்தையே வெளியிட்டார். குழந்தைகளைப் படமெடுக்கப் பெண்ணே ஏற்றவள் என்று நினைக்கும் தாய்மாரை ஈர்ப்பதற்கான கணக்கு அது. தாய்மை பற்றிய ஊரின் நம்பிக்கையை அவர் மறுக்கவில்லை. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். உதவியாளராக இருந்த நாளில் தன் இனத்தை மறைக்க வேண்டியிருந்த முகம், உரிமையாளரானதும் விளம்பரத்தில் ஏறியது. கோடக் விளம்பரங்களின் பெயரற்ற புன்னகைக்கும் இதற்கும் உள்ள தூரம் நிறத்தில் மட்டும் இல்லை.

இத்தகைய கணக்கு இந்தியாவிலும் நடந்தது. லாலா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாதில் தொடங்கிய ஜெனானா ஸ்டூடியோ, கோஷாப் பெண்களைப் பெண்ணே படமெடுப்பாள் என்ற உறுதியின்மேல் நின்றது. பொறுப்பில் இருந்தவர் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணி. அங்கே விளம்பரப்படுத்தப்பட்டது கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் பாலினம். கேமராவுக்கு முன்னால் இருப்பவரை விளம்பரத்தில் காட்ட வழியே இல்லை.

இப்போது மீளாக்கத்துக்கு வருவோம். இத்திசையில் வேலை செய்பவர்களுக்கு மார்த்தா கூப்பரின் சேகரம் பெரிய வாய்ப்பு. நியூயார்க் ரயில்களின் கிராஃபிட்டி ஓவியங்களைப் பதிவுசெய்து 1984-இல் ஹென்றி சால்ஃபன்ட்டுடன் ‘சப்வே ஆர்ட்’ நூலை வெளியிட்ட அதே கூப்பர்தான், கேமராவோடு நிற்கும் பெண்களின் பழைய விளம்பரங்களையும் அஞ்சலட்டைகளையும் நெடுங்காலம் சேர்த்துவந்தவர். அந்தச் சேகரம் 2011-இல் ஜான் ஜேக்கப்பின் பதிப்பில் நூலாக வந்தது. சேகரித்தவர் தொழில்முறைப் பத்திரிகை ஒளிப்படக்காரர் என்பது முக்கியம். தன் தொழிலைப் பற்றி ஊர் வரைந்துவைத்த சித்திரங்களை அவர் சேர்த்தார். அவற்றைப் போல உடுத்திக்கொள்ளவில்லை.

உடுப்பைப் பற்றி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. அக்காலத்துக் கறுப்பு வெள்ளைச் சுருள்களின் ஒளியுணர் குழம்புகள் நீல ஒளியை மிகையாக உள்வாங்கின. சிவப்பை அவை ஏறக்குறைய அறியவே இல்லை. வானம் வெளுத்தது, சிவந்த உதடு கறுத்தது. வெளிர்நீலக் கோடுகளுள்ள அங்கியை அத்தகைய சுருளில் எடுத்தால் கோடுகள் பாதி மறைந்து துணி வெள்ளையாகத்தான் தெரியும். கோடக் பெண்ணின் புகழ்பெற்ற நீலம் அச்சுக்கூடத்தின் மை. கோடக் சுருளின் நீலம் அல்ல. பழமைத் தோற்றத்துக்காக இன்று பலர் கையாளும் ஈரக் கொலோடியன் தகட்டு முறையிலும் இதே சிக்கல் உண்டு, அதோடு ஒரு காலக் குழப்பமும் உண்டு. தகட்டில் குழம்பு ஊற்றி, ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவும் அந்த உபத்திரவத்தில் தொடங்கியவர்தான் ஈஸ்ட்மன்; அதை ஒழிக்க வந்ததே கோடக். அந்த விளம்பரப் பெண்ணைக் கொலோடியன் தகட்டில் எடுப்பது கேஸ் அடுப்பு விளம்பரத்தை விறகடுப்புப் புகையில் படமெடுப்பது போல. பழமை என்பது ஒரே பழுப்பு நிறம் என்ற எண்ணம் இருக்கும்வரை வரலாறு அங்கே நுழையாது. மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்கள் அந்தக் குழம்புகளில் உள்ளதைவிடக் கறுத்து, விவரம் இழந்து விழுந்தன என்பதையும், யாரை அந்த அங்கியில் நிறுத்துகிறோம் என்று முடிவெடுக்கும்போது எண்ணிப்பார்க்க வேண்டும்.

மீளாக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல முன்மாதிரி பெங்களூரில் உருவானது. புஷ்பமாலா என். என்ற கலைஞரும் கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக்காரரும் 2000 முதல் 2004 வரை சேர்ந்து செய்த ‘தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்: நடையும் வழக்கமும்’ என்ற தொடர் அது. ரவிவர்மாவின் நாயகி, செய்தித்தாளில் வந்த சங்கிலித் திருடி, ஜெயலலிதா நடித்த படத்தின் காட்சி, கட்டம்போட்ட திரையின் முன் உடலை அளந்த காலனிய மானுடவியல் படம் என்று எங்கெங்கோ இருந்த மாதிரிகளை எடுத்து, அந்தப் பெண்களாகப் புஷ்பமாலாவே நின்றார். அந்தத் தொடருக்குள், படப்பிடிப்பு நடந்த விதத்தைக் காட்டும் படங்களும் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தீட்டிய திரை, ஒப்பனை, விளக்கு, உதவியாட்கள். கோடக் ரோச்செஸ்டருக்குள் மறைத்த மிச்சம் இங்கே கண்காட்சிச் சுவருக்கு வந்துவிடுகிறது. மாதிரியாக எடுத்துக்கொண்ட பழைய படம் எப்படித் தயாரிக்கப்பட்டிருக்கும் என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக எழுகிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். புஷ்பமாலா தொடரில் கேமராவை இயக்கியவர் ஆர்னி. அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் பல பெண்களாகத் தானே நின்று 1977-க்கும் 1980-க்கும் இடையில் எடுத்த திரைக்காட்சித் தொடரிலும் சில படங்களுக்குப் பொத்தானை அழுத்தியவர்கள் நண்பர்களும் குடும்பத்தாருமே. அப்படியிருக்க, பெண் கையில் கேமரா இருந்தும் அதிகாரம் இல்லை என்று கோடக் பெண்ணைக் குறைசொல்வது எப்படி? மறுப்பில் நியாயம் இருக்கிறது. அது என் வாதத்தைத் திருத்தவும் செய்கிறது. ஒளிப்படம் என்பது பொத்தானை அழுத்துவது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே கோடக் விளம்பரம்தான். ஷெர்மனின் படங்களில் எவர் அழுத்தினாலும், எந்தப் பெண்ணாக நிற்பது, எந்த எதிர்ப்படத்தை வைத்துக்கொள்வது, எந்த அளவில் பிரதியெடுப்பது, எந்தப் பெயரில் வெளியிடுவது என்பதெல்லாம் அவர் முடிவு. ஆகவே, கேட்க வேண்டியது மிச்சம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பெண் ஒளிப்படக்காரர்களின் பழைய விளம்பரங்களிலிருந்து எழும் உருவப்படத் திட்டம் சில நடைமுறை முடிவுகளை எடுத்தாக வேண்டும். படத்தில் நிற்பவர் தொழில்முறை ஒளிப்படக்காரராக இருந்தால், அவர் உடையையும் நிலையையும் சட்டகத்தையும் தேர்ந்துகொள்ளட்டும். வரிசையிலிருந்து எதை ஒதுக்குவது என்பதிலும் அவர் குரல் இருக்கட்டும். ஷட்டரை நீள்கம்பியால் அவரே இயக்குவதா, இன்னொருவரிடம் விடுவதா என்பதையும் அவரே சொல்லட்டும். கோடு போட்ட அங்கியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை; ஜான்ஸ்டன் ஒட்டுமீசையை வைத்துக்கொண்ட மனநிலையில் அதை அணியலாம். படத்துக்கு அருகே அவர் எடுத்த படம் ஒன்றும் தொங்க வேண்டும், ஏனென்றால் விளம்பரம் காட்டாமல் விட்டது அதைத்தான். படக்குறிப்பில் அவர் பெயரும் தொழிலும், அவர் விரும்பினால் ஸ்டூடியோ முகவரியும் கட்டணமும் இடம்பெறலாம். கண்காட்சிச் சுவரை வணிகத்தால் கெடுப்பதாக யாராவது முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் கோடக் விளம்பரத்தின் அடிப்பகுதியை மறுபடி பார்க்கட்டும்: ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி, ரோச்செஸ்டர், நியூயார்க் என்று அங்கே முகவரி ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.