நெருக்கடிநிலை ஆவணமும் தனிமனித முயற்சியும்: இரா. செழியனை முன்வைத்து

முன்னுரை

அரசின் அதிகார மீறலுக்கு எதிரான செயல்பாடுகள் சிறை, வழக்கு, ஊர்வலம் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் வரலாற்றில் பதிவாகின்றன. மீறலை நிறுவும் சான்றுகளைப் பாதுகாத்துப் பொதுவெளிக்குக் கொண்டுவருவதும் அச்செயல்பாடுகளுள் ஒன்றாகும். இதனைப் பெரம்பலூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற இரா. செழியனின் (1923-2017) பணியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரம்பலூரும் முதல் நெருக்கடிநிலையும்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் 1962இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவ்வாண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் வென்ற ஏழு மக்களவைத் தொகுதிகளுள் பெரம்பலூரும் ஒன்று. செழியன் உறுப்பினரான சில மாதங்களிலேயே, சீனப் போரையொட்டி, அக்டோபர் 26 அன்று நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. அறிவிப்போ 1968 சனவரி வரை நீடித்தது. பெரம்பலூர் உறுப்பினராக அவர் பணியாற்றிய காலத்தின் பெரும்பகுதி நெருக்கடிநிலையின்கீழேயே கழிந்தது.

1971 திசம்பரில் வங்கதேசப் போரின்போது இரண்டாம் அறிவிப்பு வந்தது. அது நடைமுறையில் இருக்கும்போதே 1975 சூன் 25 அன்று உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டி மூன்றாம் அறிவிப்பும் வெளியாயிற்று. 1967 முதல் கும்பகோணம் தொகுதியின் உறுப்பினராக இருந்த செழியனின் மக்களவைப் பணிக்காலம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். அவற்றுள் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஏதேனும் ஒரு நெருக்கடிநிலை அறிவிப்பு நடைமுறையில் இருந்தது. 1975ஐ மட்டும் தனித்த விதிவிலக்காகக் காண்பது பொருந்தாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

ஷா ஆணையத்தின் பதிவுகள்

ஆட்சி மாற்றத்திற்குப் பின், 1977 மே மாதத்தில் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1978இல் அது மூன்று அறிக்கைகளை அளித்தது. மூன்றாம் அறிவிப்பு வெளியான பிறகே, மறுநாள் காலை, அமைச்சரவைக்குத் தெரிவிக்கப்பட்டது. தில்லி நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் 34,988 பேர் காவலில் வைக்கப்பட்டனர். இந்தியப் பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேர் கைது செய்யப்பட்டனர். இவை அவ்வறிக்கைகள் பதிவுசெய்த செய்திகளுள் சில. கட்டாயக் கருத்தடை, குடியிருப்புகளை இடித்தல் ஆகியனவும் அவற்றில் விரிவாக இடம்பெற்றுள்ளன.

மறைவும் மீட்பும்

1980இல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரான பின் அறிக்கையின் படிகள் இந்தியாவில் அரிதாயின. அவை திட்டமிட்டுத் திரும்பப் பெறப்பட்டன என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. எனினும் படிகள் அனைத்தும் அழிந்துவிட்டன எனக் கூறவியலாது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் ஒரு படி உள்ளமை பின்னர் அறியப்பட்டது. ஆனால், தொலைநாட்டு நூலகத்தில் இருக்கும் படி இந்தியக் குடிமக்களுக்குக் கிட்டாத படியே. ஒரு நூலை முடக்கத் தடையாணை தேவையில்லை. மறுபதிப்பு இல்லாமையே போதும்.

இந்த இடைவெளியைச் செழியன் நிரப்பினார். தம்மிடமிருந்த படியைக் கொண்டு, எண்பது வயதைக் கடந்த நிலையில், 2010இல் 'ஷா கமிஷன் ரிப்போர்ட்: லாஸ்ட் அண்ட் ரீகெயின்ட்' என்னும் பெயரில் அதனைச் சென்னையிலிருந்து வெளியிட்டார். மக்கள் பணத்தில் உருவான அரசு ஆவணம் தனியொருவரின் சேகரிப்பிலிருந்து மீண்டும் மக்களிடம் வந்தது. 1971-73இல் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர் அவர். அரசின் செயலை அரசின் ஆவணத்தைக் கொண்டே வினவும் அக்குழுவின் முறையை இப்பதிப்பிலும் காணலாம்.

முடிவுரை

அரசமைப்பின் 44ஆம் திருத்தம் (1978) 'உள்நாட்டுக் குழப்பம்' என்பதை 'ஆயுதக் கிளர்ச்சி' என மாற்றியது. அறிவிப்புக்கு அமைச்சரவையின் எழுத்துவழி முடிவைக் கட்டாயமாக்கியது. உயிர்வாழும் உரிமையை நெருக்கடிநிலையிலும் நிறுத்திவைக்கவியலாது என்றது. இக்காப்புகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கான விடை ஷா அறிக்கையில் உள்ளது. சட்டத்தின் சொற்கள் நூலில் நிலைக்கும். அவற்றின் காரணம் சான்று கிடைக்கும்வரைதான் நிலைக்கும். அச்சான்றை மீட்டளித்தமை செழியனின் நாடாளுமன்றப் பணியின் தொடர்ச்சியாகவே மதிக்கத்தக்கது. அதேவேளை, இத்தகைய ஆவணம் ஒருவரது வீட்டுச் சேகரிப்பை நம்பியிருக்க நேர்ந்தமை பொது ஆவணக்காப்பகங்களின் தன்னாட்சி குறித்த வினாவையும் எழுப்புகிறது.